உடனிருக்கும் கைகள் யார் பொறுப்பு?

2020 நவம்பரில் மும்பை சிறப்பு நீதிமன்றத்தின் முன் ஒரு மனு வந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே வாழ்நாளைக் கழித்த 83 வயது பாதிரியார் ஸ்டான் சுவாமி தாக்கல் செய்த மனு அது. பார்க்கின்சன் நோயால் அவருடைய கைகள் நடுங்கின. குவளையைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க இயலவில்லை. அந்த மனுவில் அவர் கேட்டது ஜாமீன் அல்ல. ஓர் உறிஞ்சுகுழலும், மூடியுள்ள ஒரு குவளையும்தான். அதற்குப் பதிலளிக்க தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது, கிடைத்தது.

அந்த நாட்களில் தலோஜா சிறையில் அவருக்கு உணவு ஊட்டியதும், குளிப்பாட்டியதும், துணி துவைத்துக் கொடுத்ததும் அதே வழக்கில் கைதான தோழமைக் கைதிகளும் அறையில் உடனிருந்தவர்களும்தான் என்பது அவரே எழுதிய கடிதத்தின் வாயிலாக வெளியுலகிற்குத் தெரிந்தது. அரசின் காவலில் இருந்த ஒரு மனிதரின் அன்றாடப் பராமரிப்பை அரசு ஏற்கவில்லை. விசாரணைக் கைதிகள் ஏற்றார்கள். 2021 ஜூலை 5 அன்று அவர் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

உறிஞ்சுகுழல் செய்தி நாடு முழுவதும் கோபத்தை எழுப்பியது. எழுப்பியிருக்கவும் வேண்டும். ஆனால் சிறைக்கு வெளியே, நாம் தினமும் கடந்துபோகும் தெருக்களில், மூடிய கதவுகளுக்குப் பின்னால், தண்ணீர் குடிப்பதற்கும் கழிப்பறைக்குச் செல்வதற்கும் இன்னொருவரின் கையை எதிர்பார்த்து வாழும் லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமது கிளைக் கூட்டங்களில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். தில்லியில் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் நெடுங்காலம் பணியாற்றும் ஒரு தோழரின் வீடு. ஏழாண்டுகளுக்கு முன் அவருடைய மகன் சாரத்திலிருந்து விழுந்தார்; முதுகுத்தண்டு முறிந்தது. அப்போது வயது 19. கழுத்துக்குக் கீழே உணர்வில்லை. வலது கை ஓரளவு அசையும். அவருடைய ஒரு நாள் தாயின் கைகளில்தான் தொடங்குகிறது. அதிகாலையில் சிறுநீர்ப் பையை மாற்ற வேண்டும். மலம் கழிக்க உதவி, சுத்தம் செய்ய வேண்டும். படுக்கையிலேயே உடம்பு துடைத்து, பல் துலக்கி, சட்டை மாட்டி, சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். உணவு ஊட்ட வேண்டும். இரவில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். உணர்வில்லாத உடம்பில் புண் வந்தது வலித்துத் தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அந்தத் தாய் ஏழாண்டுகளாக ஓர் இரவும் முழுமையாகத் தூங்கியதில்லை. அவரும் மாதர் அமைப்பில் முன்னணியில் நின்றவர்தான். விபத்துக்குப் பிறகு ஒரு கூட்டத்திற்கும் வரவில்லை. நாமும் அவருடைய பெயரைப் புதுப்பித்தல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

இந்த வேலைக்குத் திறன் வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்கும்போது இடுப்பை வளைத்துத் தூக்கினால் தூக்குபவரின் முதுகு போகும். முழங்காலை மடக்கி, தூக்கப்படுபவரை உடம்போடு அணைத்து, இருவரும் சொல்லிவைத்து ஒரே கணத்தில் எழ வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியதை உறுதிசெய்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். குளிக்க ஊற்றும் நீரின் சூட்டை உணர்வில்லாத கால் அறியாது. ஊற்றுபவர் தன் கையில் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கடினமானது தொடுவதற்கு முன் கேட்பது. எப்போது குளிப்பது, எந்தச் சட்டை அணிவது, முதலில் முகமா கையா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் யாருடைய உடம்போ அவர்தான். மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகெங்கும் சொல்லிவரும் அடிப்படை இது: உதவியாளர் கையாக இருக்கலாம், எஜமானராக இருக்கக் கூடாது.

26 வயது ஆணைத் தாய் குளிப்பாட்டுகிறார். இருவருக்குமே அது சங்கடம். வேறு வழியில்லாததால் இருவரும் அதைப் பேசுவதில்லை. மகன் ஒருமுறை என்னிடம் தயங்கிச் சொன்னது இதைத்தான்: தாயின் மீது கோபம் வந்தால் கோபப்படக்கூட அவருக்கு உரிமையில்லை, ஏனெனில் அடுத்த வேளைத் தண்ணீரும் அவர் கையில்தான் இருக்கிறது. அன்பினால் மட்டுமே நடக்கும் பராமரிப்பில் பெறுபவர் வாயடைத்துப் போகிறார். தருபவர் தேய்ந்து போகிறார்.

சட்டத்தில் இருப்பதும் கையில் கிடைப்பதும்

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை 2007 அக்டோபரிலேயே இந்தியா ஏற்றது. அதன் 19ஆவது பிரிவு, சமூகத்தில் மற்றவர்களைப் போல வாழ்வதற்குத் தேவையான தனிநபர் உதவியை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. இடதுசாரிகளும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் பல ஆண்டுகள் போராடியதையடுத்து 2016இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆவது பிரிவிலும் இந்த உதவி இடம்பெற்றது. அதிக ஆதரவு தேவைப்படுவோர் விண்ணப்பிக்கவும், ஒரு வாரியம் அவர்களது தேவையை மதிப்பிடவும் 38ஆவது பிரிவு வழிசெய்கிறது. 24ஆவது பிரிவு, பராமரிப்பாளருக்கான படியைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது.

ஆனால் அதே 24ஆவது பிரிவு, அரசின் "பொருளாதாரத் திறன் மற்றும் வளர்ச்சியின் எல்லைக்குள்" என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. 38ஆவது பிரிவும் அரசு வகுக்கும் திட்டங்களுக்கும் உத்தரவுகளுக்கும் உட்பட்டே ஆதரவு என்கிறது. திட்டமே வகுக்காவிட்டால்? மதிப்பீடு காகிதத்தில் நிற்கும். கதவைத் திறந்துவிட்டுத் தாழ்ப்பாளையும் அரசின் கையிலேயே கொடுத்த சட்டம் இது.

அந்தப் பொருளாதாரத் திறனின் அளவு என்ன? ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு ஒன்றிய அரசு தருவது மாதம் 300 ரூபாய். ஒரு நாளைக்கு 10 ரூபாய். பெரியவர்களுக்கான ஒரு டயப்பரைக்கூட அதில் வாங்க இயலாது. அந்த 300 ரூபாயும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும் என்ற இரு வாசல்களைக் கடந்தவர்களுக்கே. 2016 சட்டம் 40 சதவீதத்தை வரையறையாக வைத்திருக்கும்போது ஓய்வூதியத்திற்கு மட்டும் 80 என்பது ஏன் என்று நாடாளுமன்றத்திலும் தெருவிலும் கேட்டாகிவிட்டது. விலைவாசி எங்கோ போய்விட்டது. 300 அங்கேயே நிற்கிறது. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அன்றைக்குப் பொருளாதாரத் திறன் இருந்தது.

மாநிலங்களைப் பார்த்தால் வித்தியாசம் திகைக்கவைக்கிறது. ஆந்திரத்தில் 2024 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும், முழுமையாகப் படுக்கையில் இருப்போருக்கு 15,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புக்கு உள்ளானோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். ஒரே சட்டம், ஒரே முதுகுத்தண்டு முறிவு. எல்லைக் கோட்டைத் தாண்டினால் தொகை மாறுகிறது. ஆந்திரத்தின் தொகையைத் தருவது இடதுசாரி அரசல்ல என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். முடியாது என்பதல்ல, செய்யவில்லை என்பதே உண்மை என அது காட்டுகிறது.

பெயர் சூட்டுவதில் மட்டும் மோடி அரசுக்குக் குறைவில்லை. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார். தெய்வீக உறுப்புக் கொண்டவர் என்று பொருள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்தும் துறையின் இந்திப் பெயரே மாற்றப்பட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அதே தெய்வீக உறுப்பினர் அமரும் சக்கர நாற்காலிக்கு 5 சதவீத வரி. முகாம் போட்டு மூன்று சக்கர வண்டி கொடுப்பது புகைப்படத்திற்கு உகந்தது. வண்டியில் ஏற்றி உட்காரவைக்க ஒருவரை நியமித்துச் சம்பளம் கொடுப்பது அப்படியல்ல.

உதவி இல்லாத இடத்தில் நடப்பது

ஆள் இல்லாததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய சாட்சியம் உண்டு. 1994இல் மகாராஷ்டிராவின் ஷிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்குப் புனே அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்க் காலத்தில் அவர்களால் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மகளிர் இயக்கங்கள் கொதித்தெழுந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. மாதத்தில் சில நாட்கள் துணி மாற்றிவிட ஒரு பணியாளரை நியமிப்பதற்குப் பதில் ஓர் உறுப்பையே எடுத்துவிடலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. ஒப்புதலின்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சையை 2016 சட்டத்தின் 10ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உதவ இன்று யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊரடங்கு காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டபோது, தொடாதீர்கள், விலகி நில்லுங்கள் என்று அரசு சொன்னது. தொட்டால்தான் வாழ முடியும் என்றிருந்தவர்களின் வீடுகளுக்கு உதவியாளர்கள் வர இயலவில்லை. பராமரிப்பாளர்களுக்கு அனுமதிச் சீட்டு தரலாம் என்ற வழிகாட்டுதல் ஊரடங்கு தொடங்கிய பிறகே வந்தது. சாலையில் லத்தியோடு நின்ற காவலருக்கு அது தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

சிறைகளைப் பற்றி மீண்டும் ஒரு சொல். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். சாய்பாபா 90 சதவீத மாற்றுத்திறனாளி. அவருடைய அரசியல் கருத்துகளுடன் நமக்கு வேறுபாடு இருக்கலாம். அது இங்கே பொருட்டல்ல. நாக்பூர் சிறையில் குளிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் சக கைதிகளை நம்பி அவர் வாழ வேண்டியிருந்தது. 2022 மே மாதம், கழிப்பிடமும் குளிப்பிடமும் உள்ள அவரது அறையை நோக்கிக் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். தூக்கிவிட ஆள் அனுப்பாத அரசு, தூக்கிவிடப்படுவதைப் பார்க்கக் கேமரா அனுப்பியது. 2024 மார்ச் 5 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஏழு மாதங்களில், அக்டோபர் 12 அன்று, ஹைதராபாத்தில் இறந்தார். தமிழ்நாட்டுச் சிறையில் மாற்றுத்திறனாளி வழக்கறிஞர் ஒருவர் பட்ட பாடு தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் மாநிலச் சிறைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைச் செய்ய உத்தரவிட்டது. அதை அமலாக்கவைப்பது வழக்கறிஞர் அமைப்பின் வேலை மட்டுமல்ல.

பணமா, பணியாளரா?

நமக்குள்ளேயே விவாதிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பராமரிப்பாளர் படி என்ற கோரிக்கையை நாம் எழுப்புகிறோம், சரியே. ஆனால் அந்தப் படி எவ்வளவு உயர்ந்தாலும், அது தாயின் கையில் கொடுக்கப்படும் சிறு தொகையாக மட்டும் நின்றுவிட்டால், இன்றைய வேலைப் பிரிவினையை அரசு காசு கொடுத்து உறுதிசெய்வதாகவே முடியும். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதத்தினரே. ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 74 நிமிடம். இது சராசரிதான். நான் சொன்ன தில்லி வீட்டில் அந்தத் தாயின் பராமரிப்பு நேரம் 24 மணி.

மறுபக்கம் சந்தை இருக்கிறது. பெருநகரங்களில் ஏஜென்சிகள் மூலம் உதவியாளர்கள் கிடைக்கிறார்கள். 12 மணி நேர ஷிப்ட், 24 மணி நேர ஷிப்ட் என்று விலைப்பட்டியல் உண்டு. வருபவர்களில் பெரும்பாலோர் ஜார்க்கண்ட், ஒடிசா, வங்கத்திலிருந்து வந்த இளம் பெண்கள், தலித், பழங்குடியினர். மலம் அள்ளும் வேலை யார் தலையில் விழ வேண்டும் என்பதைச் சாதி இங்கேயும் தீர்மானிக்கிறது. சம்பளத்தில் ஒரு பங்கு ஏஜென்சிக்குப் போகும். வார விடுமுறை இல்லை, பயிற்சி இல்லை, தூங்க இடம் சமையலறைத் தரை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இந்த ஏற்பாட்டில் மாற்றுத்திறனாளியின் குடும்பமும் பணியாளரும் ஒருவரையொருவர் சுரண்டுவதாக நினைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஓய்வூதியம் 2,000, உதவியாளர் கூலி அதைப்போல் பல மடங்கு என்றால் இரு ஏழைகளுக்கிடையே மோதல் வராமல் என்ன செய்யும்?

என் கருத்து இது. உதவித்தொகை மாற்றுத்திறனாளியின் பெயரிலேயே வர வேண்டும். அது அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு. உதவியாளரை உள்ளாட்சி அமைப்பு பயிற்சி கொடுத்து, குறைந்தபட்ச ஊதியத்துடனும் ஈஎஸ்ஐ, பிஎப் உரிமைகளுடனும் பணியமர்த்த வேண்டும். யாரை ஏற்பது, யாரை மறுப்பது என்பதை உதவி பெறுபவர் முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தினரே பார்த்துக்கொள்ள விரும்பினால் அவர்களுக்கும் அதே ஊதியம் தரலாம். ஆனால் அவர்களுக்கு ஓய்வு நாளில் மாற்று ஆள் வர வேண்டும். இதில் ஓர் அபாயமும் உண்டு. அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களுக்கு நேர்ந்ததைப் போல இவர்களையும் 'தன்னார்வலர்' என்று பெயரிட்டு மதிப்பூதியத்தில் வேலை வாங்க அரசுகள் துணியும். ஆஷா ஊழியர்களிடமே இந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையைச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நாம் ஏற்க முடியாது.

இது கற்பனையல்ல. ஸ்வீடனில் 1994 முதல் சட்டப்படி உதவியாளருக்கான செலவை அரசு ஏற்கிறது. அதேசமயம் பிரிட்டனில் இதற்கென 1988 முதல் இருந்த நிதியத்தைச் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி 2015 ஜூனில் மூடினார்கள். பெற்ற உரிமையைக் காக்கப் போராட்டம் தேவை என்பதற்கு அது போதும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கேரளம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசின் கொள்கையாக ஆனது. ஊராட்சிகளின் துணையோடு செவிலியர் வீடு தேடி வந்து படுக்கையில் இருப்போரைப் பார்க்கிறார், படுக்கைப்புண்ணுக்கு மருந்திடுகிறார், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுக்கிறார். முழுநேரப் பராமரிப்பாளருக்கு 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உதவி. இந்தத் தொகை போதாது. அதுவும் நிலுவையில் நின்ற மாதங்கள் உண்டு. நிதிப் பங்கீட்டில் ஒன்றிய அரசின் வஞ்சனை ஒரு காரணம். ஆயினும் நிலுவைக்காகக் காத்திருந்த தாயிடம் அந்தக் காரணத்தை மட்டும் சொல்லிவிட்டு வர இயலாது.

நமது வீட்டுக்குள்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் பெயரிலேயே 'பாதுகாப்போர்' என்ற சொல்லும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் தொலைநோக்குள்ளவர்கள். பராமரிப்பவரும் பராமரிப்பைப் பெறுபவரும் ஒரே சங்கத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். கூலிக்கு இந்த வேலை செய்யும் பெண்களையும் அதே போராட்டத்தில் கொண்டுவந்து சேர்ப்பது சிஐடியு தோழர்களின் அடுத்த கடமை. மாற்றுத்திறனாளிகள் அரங்கின் வேலை என்று இதை ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நமது அலுவலகங்கள் பல மாடியில் இருக்கின்றன. மாநாட்டுப் பந்தல்களில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருப்பது அரிது. தோழர்களே இதைச் சுட்டிக்காட்டியும் அடுத்த மாநாட்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது.

சென்ற மாதம் அந்தத் தில்லித் தோழரின் கிளையில் ஒரு முடிவு எடுத்தார்கள். வாரம் ஒரு மாலை மூன்று மணி நேரம் இரண்டு இளம் தோழர்கள் அந்த வீட்டில் இருப்பது, அந்த நேரத்தில் அம்மையார் மாதர் அமைப்பின் கூட்டத்திற்குச் செல்வது என்று. சிறுநீர்ப் பை மாற்றவும் தூக்கி உட்காரவைக்கவும் அவரிடமே இருவரும் கற்றுக்கொண்டார்கள். கிளை தன் விருப்பத்தில் இருவரைப் பெயரிட்டு அனுப்பியிருந்தது. மகன் அவர்களில் ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, சொல்ல வேண்டியதில்லை என்றார். கிளை வேறொருவரை அனுப்பியது.